புத்துயிர்ப்பு: பாதி மனதோடு

என் திருமணம் 1986-இல் நடந்தது. எவர்சில்வர் குடங்களும் சுவர்க் கடிகாரங்களும் போக, அன்றைக்கு வந்த பரிசுகளில் ஒன்பது புத்தகங்களும் இருந்தன. சங்கத் தோழர்கள் எந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் மொய்க் கவரோடு ஒரு புத்தகத்தையும் கொடுப்பது அப்போது வழக்கம். மாஸ்கோவில் தமிழில் அச்சான புத்தகங்கள் நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் மலிவாகக் கிடைத்த காலம். அந்த ஒன்பதில் ஒன்று டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு', ரா. கிருஷ்ணையாவின் மொழிபெயர்ப்பு. முதல் பக்கத்தில் என் பிரிவில் வேலை பார்த்த பதினொரு பேரின் கையெழுத்து இருக்கிறது. அவர்களில் நான்கு பேர் இப்போது இல்லை.

மூன்று வீடுகள் மாறியபோதும் அந்தப் புத்தகம் கூடவே வந்தது. படிக்கப்படாமலே வந்தது. பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, போன மழைக்காலத்தில்தான் எடுத்து உட்கார்ந்தேன். மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. கடைசிப் பக்கத்தை முடித்து மூடியபோது, நன்றாக இருந்தது என்று சொல்ல வாய் வந்தது, மனம் வரவில்லை. அது ஏன் என்று இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

டால்ஸ்டாய் எனக்குப் புதியவர் இல்லை. 'இவான் இலியிச்சின் மரணம்' படித்துவிட்டு இரண்டு நாள் அலுவலகத்தில் யாரிடமும் பேசப் பிடிக்காமல் இருந்திருக்கிறேன். நா. தர்மராஜன் மொழிபெயர்த்த 'அன்னா கரீனினா'வை இரண்டு முறை படித்தேன். லெவின் விவசாயிகளோடு சேர்ந்து புல் அறுக்கும் இடத்தில் இரண்டு முறையும் எனக்கே தோள் வலித்தது போலிருந்தது. அந்த மனிதரின் கடைசிப் பெரிய நாவலை, அதுவும் பதினொரு பேர் எனக்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை, முழு மனதோடு ஏற்க முடியவில்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. மொழிபெயர்ப்பின் மேல் பழி போடவும் வழியில்லை. கிருஷ்ணையாவின் தமிழ் எங்கேயும் தடுக்கவில்லை.

கதை பலருக்குத் தெரிந்ததுதான். நெஹ்லூதவ் என்கிற பிரபு குற்றமா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரிகளில் ஒருவனாக நீதிமன்றத்துக்கு வருகிறான். கூண்டில் நிற்பவள் ஒரு விலைமாது. வியாபாரி ஒருவனுக்கு விஷம் கொடுத்துக் கொன்று பணத்தைத் திருடியதாக வழக்கு. அவள் முகத்தை உற்றுப் பார்க்கிறான். கறுத்த கண்கள், லேசான மாறுகண். தன் அத்தைகளின் பண்ணை வீட்டில் வளர்ந்த கத்யூஷா அவள். ராணுவத்துக்குப் போகிற வழியில் அந்த வீட்டில் தங்கி, அவளைக் கெடுத்து, கிளம்பும்போது நூறு ரூபிள் நோட்டை அவளிடம் திணித்துவிட்டு வந்தவன் இவன். அதற்குப் பிறகு அவளுக்கு நடந்ததெல்லாம் அந்த ஓர் இரவிலிருந்து தொடங்கியது. இது புரிந்ததும் அவளைக் காப்பாற்றுவது, தேவையானால் மணந்துகொள்வது, சைபீரியா வரை அவள் பின்னால் போவது என்று முடிவெடுக்கிறான்.

கத்யூஷாவின் பிறப்பை டால்ஸ்டாய் ஒரே பக்கத்தில் சொல்கிறார். அவளுடைய தாய் பண்ணையில் மாடு பார்ப்பவளின் மகள். மணமாகாமலே ஆண்டுக்கு ஒரு குழந்தை பெற்றாள். ஐந்து குழந்தைகள் பால் இல்லாமல் செத்துப்போயின. ஆறாவது பிறந்திருந்த நேரத்தில் எஜமானி அம்மாள், பாலாடையில் மாட்டு வாடை அடிக்கிறது என்று திட்டுவதற்காகத் தொழுவத்துக்கு வந்தாள். குழந்தையைப் பார்த்து மனம் இளகினாள். காசும் பாலும் கொடுத்தாள். குழந்தை பிழைத்தது. மீட்கப்பட்டவள் என்றே அந்த வீட்டில் அதற்குப் பெயர். வளர்ந்த பிறகு பாதி வேலைக்காரி, பாதி வளர்ப்புப் பெண். கூப்பிடுகிற பெயரும் அப்படித்தான். அதட்டிக் கூப்பிடும் கத்கா இல்லை, கொஞ்சிக் கூப்பிடும் கத்தென்கா இல்லை, நடுவில் கத்யூஷா. ஒரு பெண் எந்தப் படியில் நிற்கிறாள் என்பதைக் கூப்பிடும் பெயரை வைத்தே சொல்லிவிடுகிற எழுத்தை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை.

நாவலின் முதல் பாகத்தில், நீதிமன்றக் காட்சிகளில், என் மனம் முழுதாகவே இருந்தது. வழக்கு தொடங்கும் முன் நீதிபதிகள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று டால்ஸ்டாய் காட்டுகிறார். தலைமை நீதிபதி தன் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு இரும்புக் குண்டுகளைத் தூக்கி உடற்பயிற்சி செய்கிறார். மாலையில் சுவிட்சர்லாந்துக்காரப் பெண் ஒருத்தி அவருக்காக ஓட்டலில் காத்திருப்பாள், அதனால் சீக்கிரம் முடிக்க வேண்டும். இன்னொரு நீதிபதிக்கு வயிற்றுக் கோளாறு. அன்றைக்குத்தான் புது வைத்தியம் தொடங்கியிருக்கிறார். தன் அறை வாசலிலிருந்து நாற்காலி வரை எத்தனை அடி என்று எண்ணிக்கொண்டே நடக்கிறார். மூன்றால் வகுபட்டால் வைத்தியம் பலிக்கும் என்பது அவர் மனக்கணக்கு. வந்தது 26. கடைசியில் ஒரு குட்டி அடி எடுத்து வைத்து 27 ஆக்கிக்கொள்கிறார்.

அந்த இருபத்தேழாவது அடியில் நான் புத்தகத்தைத் தாழ்த்திவிட்டேன். ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தீர்மானிக்கப் போகிறவர் தன் வயிற்றுக்காகக் கணக்கைத் திருத்திக்கொள்கிறார். அவர் கெட்டவரும் இல்லை. மூவரிலும் இரக்கமுள்ளவர் அவர்தான்.

தீர்ப்பும் அப்படித்தான் வருகிறது. கத்யூஷா கொடுத்தது தூக்க மருந்து என்று நினைத்துத்தான் கொடுத்தாள், விஷம் என்று அவளுக்குத் தெரியாது. ஜூரிகள் இதை நம்புகிறார்கள். அவளை விடுவிக்கவே நினைக்கிறார்கள். திருடும் நோக்கம் இல்லை என்று எழுதுகிறார்கள். ஆனால் உயிரைப் பறிக்கும் நோக்கம் இல்லை என்ற சொற்களைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். களைப்பு, விவாதக் குழப்பம், ஒரு கர்னல் சொல்லிக்கொண்டிருந்த நீண்ட கதை. நெஹ்லூதவும் அந்த அறையில்தான் இருக்கிறான், அவனும் கவனிக்கவில்லை. விளைவு, நான்கு ஆண்டுக் கடுங்காவல், சைபீரியா. தவறு நடந்திருக்கிறது என்று தலைமை நீதிபதிக்கே புரிகிறது. தீர்ப்பை ரத்து செய்யச் சட்டத்தில் இடமும் இருக்கிறது. ஆனால் ஒரு நீதிபதி மறுக்கிறார்: ஜூரிகள் குற்றவாளிகளை விட்டுவிடுகிறார்கள் என்று பத்திரிகைகள் ஏற்கெனவே எழுதுகின்றன, நீதிமன்றமே விடுவித்தால் என்ன சொல்வார்கள்? தலைமை நீதிபதி கடியாரத்தைப் பார்க்கிறார். பரிதாபம்தான், என்ன செய்வது என்கிறார்.

நான் முப்பத்து நான்கு வருடம் ஓய்வூதியப் பிரிவில் வேலை பார்த்தவன். எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கடைநிலை ஊழியரின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதிய ஆணை போனது. எந்தத் தேதியிலிருந்து என்று சொல்லும் ஒரு வரி அதில் விட்டுப்போயிருந்தது. கருவூலத்தில் ஆட்சேபக் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினார்கள். திருத்திய ஆணை போக, அது வேறொரு மேஜையில் தங்க, கையெழுத்துப் போட வேண்டியவர் மாற்றலாகிப் போக, பதினோரு மாதம் ஓடிவிட்டது. அந்த அம்மாள் மாதம் ஒருமுறை பஸ் ஏறி வந்து, மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் பிரிவின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அந்தக் கோப்பு என் மேஜையைத் தாண்டித்தான் போயிருந்தது. நானும் அந்த வரியைப் பார்க்கவில்லை. எங்களில் ஒருவருக்கும் அவர் மேல் பகை இல்லை. எல்லோருக்கும் இரக்கம்தான். ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார். ஆகவே டால்ஸ்டாய் எழுதியிருக்கும் அந்த மறதி எனக்குக் கதையாகப் படவில்லை. 1899-இல் ரஷ்யாவில் உட்கார்ந்துகொண்டு அவர் என் மேஜையை எழுதியிருக்கிறார்.

இவ்வளவு சொல்லிவிட்டு மனம் பாதிதான் என்றால் நியாயமா என்று கேட்கலாம். மனம் விலகிய இடமும் முதல் பாகத்திலேயேதான் இருக்கிறது.

சிறையில் நெஹ்லூதவ் முதலில் அவளைப் பார்க்கப் போகும்போது, மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன் என்கிறான். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. பத்து ரூபிள் இருந்தால் கொடுங்கள் என்கிறாள். அவன் பணப்பையை எடுக்கும்போது அவள் கண் சிறை அதிகாரியின் மேலேயே இருக்கிறது: அவர் அந்தப் பக்கம் திரும்பும்போதுதானே வாங்க முடியும். அடுத்த முறை போகும்போது அந்தப் பணத்தில் வாங்கிய வோட்காவைக் குடித்திருக்கிறாள். அவன் மணந்துகொள்கிறேன் என்கிறான். அப்போதுதான் வெடிக்கிறாள். நீ பிரபு, நான் கைதி, உனக்கு இங்கே என்ன வேலை என்று தொடங்கி, கடைசியில் அந்தச் சொல்லைச் சொல்கிறாள்: இந்த உலகத்தில் என்னை வைத்துச் சுகம் கண்டாய், மறு உலகத்துக்கும் என்னை வைத்தே கரையேறப் பார்க்கிறாய்! உன் மூக்குக்கண்ணாடியும் பிடிக்கவில்லை, உன் கொழுத்த முகமும் பிடிக்கவில்லை, போய்விடு.

இதைவிட உண்மையான ஒரு சொல் இந்த நாவலில் இல்லை. நெஹ்லூதவின் மனந்திரும்புதலை இத்தனை நேரம் நெகிழ்ந்து பார்த்துக்கொண்டிருந்த வாசகனின் முகத்தில் அறைகிற சொல். டால்ஸ்டாய் போன்ற ஒருவரால்தான் தன் நாயகனுக்கு எதிரான சாட்சியத்தை இவ்வளவு முழுதாக எழுத முடியும்.

நான் எதிர்பார்த்தது இதுதான்: இந்தச் சொல்லைச் சொன்னவளோடு நாவல் இனி நடக்கும். அவள் ஏன் குடித்தாள், ஏன் நிறுத்தினாள், இரவில் சிறைக் கொட்டடியில் படுத்துக்கொண்டு என்ன நினைத்தாள் என்றெல்லாம் சொல்லும் என்று காத்திருந்தேன். நாவல் அவனோடு போய்விடுகிறது.

மூன்று பாகங்களிலும் 59, 42, 28 என்று மொத்தம் 129 அத்தியாயங்கள். இரண்டாம் பாகத்தில் கத்யூஷா வரும் அத்தியாயங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவற்றில் நெஹ்லூதவ் தன் நிலத்தை விவசாயிகளுக்குக் கொடுக்கிறான், பீட்டர்ஸ்பர்க் போகிறான், சித்தி வீட்டில் தங்குகிறான், செனட் என்ற உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்கிறான், அமைச்சர், தளபதி, வக்கீல் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறான். பார்க்கிற ஒவ்வொருவரும் அருமையாக எழுதப்பட்டிருக்கிறார்கள். அரசியல் கைதிகள் அணு அணுவாகச் சாகும் கோட்டைக்குப் பொறுப்பாளரான கிழத் தளபதி ஒருவர், ஆவிகளை மேஜைக்கு வரவழைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார். வந்திருப்பது ஜோன் ஆஃப் ஆர்க்கின் ஆவியாம். மறக்க முடியாத ஆள்தான். ஆனால் இவர்கள் எல்லோரும் நெஹ்லூதவுக்கு ஒரே பாடத்தைத்தான் சொல்லித் தருகிறார்கள். பத்தாவது கதவுக்கு முன்னாலேயே எனக்கு அந்தப் பாடம் வந்துவிட்டது.

இதற்கு நடுவில் கத்யூஷா குடியை விட்டுவிட்டாள் என்று நமக்குத் தகவல் வருகிறது. சிறை மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று தகவல் வருகிறது. அங்கே மருத்துவ உதவியாளன் ஒருவன் அவளிடம் முறைகேடாக நடக்கிறான். தள்ளிவிடுகிறாள். பழி அவள் மேல் விழுகிறது. வேலை போகிறது. நெஹ்லூதவும் அந்தப் பழியை நம்பிவிடுகிறான். விளக்கம் சொல்ல வாயெடுத்தவள், சொன்னால் சந்தேகம் இன்னும் வலுக்கும் என்று தோன்றி, தொண்டை அடைக்க நின்றுவிடுகிறாள். சில வரிகள்தான். பிறகு மறுபடி அவன் மனம், அவன் மன்னிப்பு, அவன் உயர்வு. ஒரு முழு அத்தியாயம் வர வேண்டிய இடம் அது என்பது என் எண்ணம்.

மூன்றாம் பாகத்தில் சைபீரியப் பயணத்தின்போது அவள் அரசியல் கைதிகளோடு சேர்க்கப்படுகிறாள். மரியா பாவ்லவ்னா என்ற பெண்ணும் சிமன்சன் என்ற மனிதனும் அவளை மதிப்போடு நடத்துகிறார்கள், அவள் மாறுகிறாள். புத்துயிர் பெறுவது அங்கேதான். நாவலின் பெயரே அதுதானே? அந்த மாற்றத்தை டால்ஸ்டாய் சுருக்கமாக எடுத்துச் சொல்லிவிட்டுப் போகிறார். நீதிபதியின் இருபத்தேழாவது அடியைக் கண்ணெதிரே காட்டியவர், இவள் எடுத்து வைத்த முதல் அடியை நமக்குக் காட்டவில்லை.

இந்தக் கதைக்கு மூலம் உண்டு. அனதோலி கோனி என்ற புகழ்பெற்ற சட்ட நிபுணர் 1887-இல் டால்ஸ்டாயின் பண்ணை வீடான யாஸ்னயா பல்யானாவுக்கு வந்தபோது, தான் அரசு வழக்கறிஞராக இருந்த காலத்தில் நடந்ததை டால்ஸ்டாயிடம் சொன்னார். ஒருவன் வந்து, ரொசாலியா என்ற பெண் கைதிக்குக் கடிதம் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்கிறான். அவளைக் கெடுத்தவன் அவன்தான். விடுதியில் குடித்துக் கிடந்த ஒருவனிடம் நூறு ரூபிள் திருடிய வழக்கில் அவள் தண்டிக்கப்பட்டபோது ஜூரிகளில் ஒருவனாக அவளைப் பார்த்திருக்கிறான். மணந்துகொள்ளவும் தயாராக இருந்தான். திருமணத்துக்கு முன்பே அவள் சிறையில் டைபஸ் காய்ச்சலில் இறந்துபோனாள். உண்மைக் கதை அங்கேயே நின்றுவிடுகிறது. டால்ஸ்டாய் அவளைச் சாகவிடாமல் சைபீரியா வரை அழைத்துப் போனார். அதற்காக அவர் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

அவருக்கே இதில் சொந்தக் கணக்கும் இருந்தது. இளமையில் உறவினர் வீட்டில் இருந்த காஷா என்ற வேலைக்காரப் பெண்ணைத் தான் கெடுத்ததை, கடைசிக் காலத்தில் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பிர்யுகோவிடம் அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய மனைவி சோபியாவுக்கும் இது தெரியும். 1898-இல் நாவலைப் படியெடுத்துக்கொண்டிருந்தபோது அவர் தன் நாட்குறிப்பில் மனம் கசந்து எழுதுகிறார்: எழுபது வயதுக் கிழவர், அதிகாரிக்கும் வேலைக்காரிக்கும் நடந்ததைச் சுவையான பண்டத்தைச் சப்புக்கொட்டித் தின்பவர் போல விவரிக்கிறாரே. நாயகனின் மனமாற்றத்தைப் பற்றியும் அதே இடத்தில் சொல்கிறார். இதையெல்லாம் எழுதித் தன் உயர்ந்த உணர்ச்சிகளைக் கண்டு தானே உருகினார், ஆனால் வாழ்ந்ததென்னவோ பழையபடிதான், இனிப்புச் சாப்பாடு, சைக்கிள், குதிரைச் சவாரி என்று. மனைவியின் கோபத்தில் சொன்னது, முழு நியாயம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் கத்யூஷா சிறையில் வெடித்துச் சொன்னதையும் சோபியா நாட்குறிப்பில் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் ஒரே குரல்தான்.

நாவலை எழுதிய அவசரத்தையும் சொல்ல வேண்டும். பத்து வருடம் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தவர், 1898-99-இல் விரைந்து முடித்தார். ஆயுதம் தூக்க மறுத்ததற்காக ஒடுக்கப்பட்ட துஹபோர் என்ற ரஷ்யக் கிறிஸ்தவப் பிரிவு மக்கள் கனடாவுக்குக் குடிபெயரக் கப்பல் செலவுக்குப் பணம் வேண்டியிருந்தது. தன் பிற்கால நூல்களின் உரிமையை விட்டுக்கொடுத்திருந்தவர், இந்த ஒரு நாவலை அவர்களுக்காக விலைக்குக் கொடுத்தார். ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கடல் கடந்து போனார்கள். 'நீவா' என்ற வார இதழில் 1899 மார்ச் முதல் டிசம்பர் வரை தொடராக வந்தது. படம் வரைந்தவர் லெயனீத் பாஸ்டர்நாக். அப்போது ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்த அவர் மகன் பரீஸ் பின்னாளில் அந்த நாட்களை நினைவுகூர்கிறார்: வீட்டுச் சமையலறையில் பசை கொதிக்கும், படங்களை அட்டையில் ஒட்டி அரக்கு முத்திரை வைத்துக் கட்டுவார்கள், பீட்டர்ஸ்பர்க் விரைவு ரயிலின் நடத்துநர் சீருடையோடு வந்து நின்று வாங்கிப் போவார். சிறைக் கோயிலில் நடக்கும் வழிபாட்டை விவரிக்கும் அத்தியாயங்களைத் தணிக்கையில் வெட்டினார்கள். 1901-இல் திருச்சபை டால்ஸ்டாயை விலக்கி வைத்ததற்கு இந்த நாவலும் ஒரு காரணம். ஒரு நாவல் வெளியே போய் இவ்வளவு செய்திருக்கிறது என்றால் அதை எழுதியவரை வணங்கத்தான் வேண்டும். வணங்குகிறேன். ஆனால் நான் கேட்பது, உள்ளே இருக்கும் பெண்ணுக்கு அது என்ன செய்தது என்று.

முதல் பக்கத்தில் இருக்கும் கையெழுத்துகளில் இரண்டாவது கையெழுத்துக்காரரை அழைத்துப் பேசினேன். புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். "முடித்துவிட்டீர்களா தோழர்?" என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். என் குறையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அவன் அலுவலகம் அலுவலகமாக மனுவைத் தூக்கிக்கொண்டு அலைகிறானே, அதுதான் தோழர் நாவல். நாம் அலையவில்லையா? வெயிலில் இரண்டு கைதிகள் விழுந்து சாகிறார்களே, அதைப் படித்துவிட்டு அன்று இரவு நான் தூங்கவில்லை."

அவர் சொன்ன இடம் உண்மையிலேயே பெரிய இடம். ஜூலை வெயிலில் கைதிகளை ரயில் நிலையத்துக்கு நடத்திப் போகிறார்கள். இரண்டு பேர் தெருவிலேயே விழுந்து இறக்கிறார்கள். யார் கொன்றது என்று யோசிக்கிறான் நெஹ்லூதவ். ஆளுநர், சிறை அதிகாரி, காவலர் என்று எல்லோரும் விதிப்படிதான் நடந்தார்கள். மரம் வெட்டலாம், செங்கல் அறுக்கலாம், இரும்பு அடிக்கலாம், இவற்றுக்கெல்லாம் அன்பு வேண்டாம். மனிதர்களோடு அன்பில்லாமல் பழக முடியாது, தேனீக்களோடு கவனமில்லாமல் பழக முடியாதது போல, என்று அவனுக்குத் தோன்றுகிறது. தோழர் இதை மனப்பாடமாகச் சொன்னார். அவர் வாழ்நாள் முழுக்கப் பிறருடைய மனுக்களைச் சுமந்தவர். எனக்கே ஒருமுறை சுமந்திருக்கிறார். அவர் இந்த நாவலில் தன்னைப் பார்த்ததில் வியப்பில்லை. நான் பார்த்தது வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளை. அவர் என்ன நினைத்துக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போனார் என்று எங்கள் பிரிவில் யாரும் கேட்டதில்லை, நான் உட்பட. அதனால்தானோ என்னவோ நாவலிடம் அதை அவ்வளவு எதிர்பார்த்தேன்.

ரஷ்ய எழுத்தாளர் செக்காவின் கருத்து எனக்கு நேர் எதிர். 1900 ஜனவரியில் யால்டாவிலிருந்து பத்திரிகையாளர் மென்ஷிக்கவுக்கு எழுதிய கடிதத்தில், இது அபாரமான கலைப்படைப்பு என்கிறார். ஆனால் நெஹ்லூதவுக்கும் கத்யூஷாவுக்கும் இடையில் நடப்பதுதான் இருப்பதிலேயே சுவாரசியம் குறைந்தது, பிரபுக்களும் தளபதிகளும் சித்திமார்களும் விவசாயிகளும் கைதிகளும்தான் சுவாரசியம் என்கிறார். எனக்கு அவர் ருசியோடு முரண்படத் தயக்கம் இல்லை: சுவாரசியம் குறைந்துபோனதற்குக் காரணமே, இருவரில் ஒருவரின் பக்கம்தான் நமக்குக் கிடைக்கிறது என்பது. முடிவைப் பற்றி அவர் சொன்னதை மட்டும் அப்படியே ஏற்கிறேன். எழுதி எழுதி வந்துவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் சுவிசேஷ வசனத்தின் மேல் தள்ளிவிடுவது என்ன முடிவு என்று கேட்கிறார் செக்காவ். நெஹ்லூதவ் மத்தேயு சுவிசேஷத்தைத் திறந்து, மன்னிப்பைப் பற்றியும் மலைப்பிரசங்கத்தின் ஐந்து கட்டளைகளைப் பற்றியும் யோசிக்கிறான், புது வாழ்வு தொடங்குகிறது, நாவல் முடிகிறது. அப்போது கத்யூஷா வேறோர் இடத்தில், சிமன்சனோடு கிளம்பிப் போக ஆயத்தமாக இருக்கிறாள்.

அவர்கள் பிரிகிற காட்சி அதற்குக் கொஞ்சம் முன்னால் வருகிறது. தண்டனை குறைக்கப்பட்ட செய்தியை அவன் கொண்டுவருகிறான். அவள் சிமன்சனோடு போவதாகச் சொல்கிறாள். விடைபெறும்போது அவள் சொல்வது ஒரே சொல், காதில் விழுந்தும் விழாமலும். ரஷ்ய மொழியில் போய்வருகிறேன் என்பதற்கும் மன்னியுங்கள் என்பதற்கும் மிக நெருங்கிய ஒலியுள்ள சொற்கள். அவள் சொன்னது மன்னியுங்கள். அந்தச் சொல்லிலிருந்தும் மாறுகண் பார்வையிலிருந்தும், அவள் தன்னை நேசிக்கிறாள், தன் வாழ்க்கையைக் கெடுக்க வேண்டாம் என்றுதான் விலகிப் போகிறாள் என்று நெஹ்லூதவ் முடிவு செய்துகொள்கிறான். டால்ஸ்டாய் அதற்குச் சாட்சிக் கையெழுத்தும் போட்டுவிடுகிறார். அவளிடம் யாரும் கேட்கவில்லை. சிமன்சனோடு இருக்கும்போது அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கலாம். தன்னை இரங்கத்தக்கவளாகப் பார்க்காத முதல் ஆண் அவன் என்று தோன்றியிருக்கலாம். நெஹ்லூதவின் முகத்தைப் பார்த்தாலே பழையது எல்லாம் வருகிறது என்று இருந்திருக்கலாம். எனக்கு மூன்றும் நம்பும்படியாக இருக்கின்றன. அவள் வாயிலிருந்து ஒன்றையாவது கேட்டிருந்தால் நான் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

ஆனால் ஓர் அத்தியாயம் இருக்கிறது. முதல் பாகத்தில் முப்பத்தேழாவது. அந்த இடத்தில் ஒரு பழைய பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்திருக்கிறேன். இந்தப் புத்தகத்தை இப்போது எடுத்தால் அந்தச் சில பக்கங்களைத்தான் திரும்பப் படிக்கிறேன். டால்ஸ்டாய் முழுதாகக் கத்யூஷாவின் உள்ளே நின்று எழுதியது அது. இவ்வளவு கிட்டத்தில் நின்று அவளைப் பார்க்க அவருக்குத் தெரிந்திருந்தது என்பதால்தான் மற்ற இடங்களில் எனக்குத் தாங்கவில்லை.

அந்தப் பழைய நாட்கள். அவள் கருவுற்றிருக்கிறாள். போரிலிருந்து திரும்பும் நெஹ்லூதவ் வழியில் அத்தைகள் வீட்டில் இறங்குவான் என்று காத்திருக்கிறாள். இறங்க முடியாது, பீட்டர்ஸ்பர்க்கில் வேலை இருக்கிறது என்று தந்தி வந்துவிடுகிறது. ரயில் இரவு இரண்டு மணிக்கு அந்த நிலையத்தைக் கடக்கும். சமையற்காரியின் சின்ன மகள் மாஷ்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் கிளம்புகிறாள். இலையுதிர் கால இருட்டு, மழை, காற்று. காட்டுக்குள் தெரிந்த பாதையே தவறிப்போகிறது. நிலையத்துக்கு வரும்போது இரண்டாவது மணி அடித்தாகிவிட்டது. முதல் வகுப்புப் பெட்டியின் ஜன்னலில் அவன் தெரிகிறான். வெளிச்சம், வெல்வெட் இருக்கைகள், எதிரே இரண்டு அதிகாரிகள் சீட்டாடுகிறார்கள், அவன் வெள்ளைச் சட்டையோடு இருக்கையின் கைப்பிடியில் சாய்ந்து எதற்கோ சிரிக்கிறான். விறைத்த கையால் கண்ணாடியைத் தட்டுகிறாள். மூன்றாவது மணி அடிக்கிறது. ரயில் நகர்கிறது. அவள் கூடவே நடக்கிறாள், பிறகு ஓடுகிறாள். ஜன்னலைத் திறக்கப் பார்க்கிறார்கள், அது திறக்கும்போது ரயில் வேகமெடுத்துவிடுகிறது. நடைமேடைப் பலகைகள் முடிந்துவிடுகின்றன. இறங்கித் தரையில் ஓடுகிறாள். முதல் வகுப்பு போய்விட்டது, இரண்டாம் வகுப்புப் பெட்டிகள் கடக்கின்றன, பிறகு இன்னும் வேகமாக மூன்றாம் வகுப்பு, கடைசியில் விளக்குத் தொங்கும் பெட்டியும் போகிறது. தண்ணீர்த் தொட்டியையும் தாண்டி வந்துவிட்டாள். காற்று அவள் தலைத்துணியைப் பிய்த்துக்கொண்டு போகிறது. பின்னால் ஓடி வந்த மாஷ்கா, அத்தை, துணி விழுந்துவிட்டது என்று கத்துகிறாள்.

அவன் வெளிச்சத்தில் வெல்வெட்டில் உட்கார்ந்து சிரித்துக் குடித்துக்கொண்டிருக்கிறான், நான் இங்கே சேற்றில், இருட்டில், மழையில் நின்று அழுகிறேன் என்று நினைக்கிறாள். நின்று, தலையைப் பின்னால் சாய்த்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுகிறாள். அடுத்த ரயில் வரும், அதன் அடியில் விழுந்துவிட்டால் முடிந்தது என்று தோன்றுகிறது. அப்போது வயிற்றுக்குள் குழந்தை அசைகிறது. சின்ன அசைவு, பிறகு மெதுவாக ஒரு நீட்டல்.

மாஷ்கா பயந்துபோய் அவளுடைய நனைந்த உடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொல்கிறாள்: அத்தை, வீட்டுக்குப் போகலாம்.